34 சதவீத ஓட்டுக்கு 63 சதவீத இடம்: கோளாறு தேர்தல் முறையிலா, கட்சிகளிலா?

மதுரைக்காரன்:

2024-இல் நடந்த பிரிட்டன் தேர்தல் முடிவைத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேபர் கட்சி வாங்கிய ஓட்டு 33.7 சதவீதம், கிடைத்த இடம் 650-இல் 411. ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீத ஓட்டு, ஆனால் ஐந்தே இடம். அவர்களைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடம். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நம்ம ஊருக்கும் இது புதிதில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக 44 சதவீத ஓட்டு வாங்கி 39-இல் 37 இடங்களை அள்ளியது. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய திமுகவுக்கு ஒரு இடம்கூட இல்லை. அகில இந்திய அளவில் 31 சதவீதத்தோடு பாஜக தனிப்பெரும்பான்மை பெற்றதும் அதே தேர்தலில்தான்.

கல்லூரியில் துவெர்ஜே விதி என்று ஒன்றை மனப்பாடம் செய்திருக்கிறோம். தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி என்ற முறை இருந்தால் நாட்டில் இரண்டு கட்சிகள் நிலைக்கும், வாங்கிய ஓட்டு விகிதப்படி கட்சிகளுக்கு இடம் தருகிற விகிதாசார முறை இருந்தால் பல கட்சிகள் வளரும் என்று அந்த பிரெஞ்சு அறிஞர் சொன்னார். சரி, அப்படியானால் இந்தியாவில் ஏன் இத்தனை கட்சிகள்? விகிதாசாரத்துக்கு மாறினால் ஆட்சி நிலைக்காது என்று பயமுறுத்துகிறார்களே, அது எவ்வளவு உண்மை? வெளிநாட்டில் இருப்பவர்கள் அவரவர் ஊர் நடப்பைச் சொன்னால் நன்றாக இருக்கும். திமுக, அதிமுக சண்டையை மட்டும் இங்கே இழுக்காதீர்கள், அதற்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன.

கூட்டல்கழித்தல்:

துவெர்ஜே விதியை நாடு முழுவதற்கும் வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம். அதைத் தொகுதிக்குள் வைத்துப் பாருங்கள், ஓரளவு சரியாகவே வரும். ஒரு தொகுதியில் மூன்றாம் இடத்துக்கு வருகிற கட்சிக்கு ஓட்டுப் போட்டால் வீண் என்று மக்கள் நினைப்பார்கள், அப்புறம் நன்கொடை கொடுப்பவர்களும் வேட்பாளர்களும் அப்படியே நினைப்பார்கள், கடைசியில் களத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். ஆனால் அந்த இரண்டு பேர் எல்லா ஊரிலும் அதே இரண்டு கட்சிக்காரர்களாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மதுரையில் மோதுகிற இருவர் வேறு, கொல்கத்தாவில் மோதுகிற இருவர் வேறு, ஜெய்ப்பூரில் வேறு. அத்தனையையும் டெல்லியில் கொண்டுபோய்க் கூட்டினால் நாற்பது கட்சி வராமல் என்ன செய்யும்?

நீங்கள் சொன்ன பிரிட்டன் கணக்கின் ரகசியமும் இதேதான். எத்தனை ஓட்டு என்பதைவிட அந்த ஓட்டு எந்த ஊரில் குவிந்திருக்கிறது என்பது முக்கியம். 2015-இல் அங்கே யூகிப் என்ற கட்சி 12.6 சதவீதம் வாங்கி ஒரே ஒரு இடம் பிடித்தது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி நாட்டளவில் 4.7 சதவீதம்தான், ஆனால் அத்தனையும் ஸ்காட்லாந்திலேயே இருந்ததால் 56 இடம். இந்தியாவில் இதற்கு அச்சு அசலான ஜோடி 2014-இல் கிடைக்கும். நாட்டளவில் ஓட்டு எண்ணிக்கையில் மூன்றாவதாக வந்த பகுஜன் சமாஜ் கட்சி 4 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் பூஜ்யம், 3.3 சதவீதம் வாங்கிய அதிமுகவுக்கு 37 இடம். ஆக இந்த முறை பெரிய கட்சிக்குச் சாதகம் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். ஒரு வட்டாரத்தில் வேர்விட்ட சின்னக் கட்சிக்கும் அது சாதகம். நாடு முழுக்க மெல்லிசாகப் பரவிக் கிடக்கிற கட்சிதான் செத்தது.

இன்னொன்று, நம்ம ஆட்கள் இந்த முறைக்கு ஒரு மருந்து எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள், அதன் பெயர் தொகுதிப் பங்கீடு. 1967 தமிழக சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் 41.1 சதவீதம், திமுக 40.7 சதவீதம். ஓட்டில் காங்கிரஸ்தான் ஒரு இழை முன்னால். ஆனால் திமுகவுக்கு 137 இடம், காங்கிரஸுக்கு 51. காங்கிரஸ் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியிலும் நின்று ஓட்டைச் சேர்த்தது. அண்ணா 174 தொகுதிகளில் மட்டும் நின்று, மிச்சத்தை ராஜாஜியின் சுதந்திராவுக்கும் மார்க்சிஸ்டுகளுக்கும் முஸ்லிம் லீகுக்கும் மற்றவர்களுக்கும் விட்டுக்கொடுத்து, எதிர்ப்பு ஓட்டு சிதறாமல் பார்த்துக்கொண்டார். ராஜாஜியையும் கம்யூனிஸ்டுகளையும் ஒரே அணியில் சேர்த்து வைத்தது கொள்கையா? இல்லை, தொகுதிக் கணக்கு. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ஓட்டு எண்ணி முடித்த பிறகு கூட்டணி பேசுகிறார்கள், நாம் ஓட்டுப் போடுவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுகிறோம். பேரம் இரண்டு இடத்திலும் உண்டு. நம்ம முறையில் கூட்டணி என்ன என்று தெரிந்துகொண்டு ஓட்டுப் போடலாம், அதை நான் ஒரு நல்ல அம்சமாகவே பார்க்கிறேன்.

தனியாக நிற்பவர் கதி என்ன என்று கேட்டால், 2006-இல் தேமுதிக 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும் ஜெயித்ததும், 2024-இல் நாம் தமிழர் கட்சி 8 சதவீதத்தைத் தாண்டியும் ஒரு இடம்கூட வராததும் போதும்.

ரைன்நதிக்கரை:

ஜெர்மனியில் இருந்து எழுதுகிறேன். நான் இங்கே குடியுரிமை வாங்கி ஓட்டும் போட்டிருக்கிறேன், அதனால் சீட்டு எப்படி இருக்கும் என்பதிலிருந்தே சொல்கிறேன். ஒரே தாளில் இரண்டு பகுதி. இடது பக்கம் தொகுதி வேட்பாளருக்கு ஒரு ஓட்டு, வலது பக்கம் கட்சிக்கு ஒரு ஓட்டு. நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்வது அந்த இரண்டாவது ஓட்டுதான். புதிதாக வருபவர்கள் பெயரைப் பார்த்து முதல் ஓட்டுதான் பெரிது என்று நினைத்துக்கொள்வார்கள், ஜெர்மன்காரர்களிலேயே பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

2025 பிப்ரவரி தேர்தல் கணக்கு: பழமைவாத சிடியு-சிஎஸ்யு அணிக்கு 28.5 சதவீதம், 630-இல் 208 இடம். தீவிர வலதுசாரி ஏஎஃப்டிக்கு 20.8 சதவீதம், 152 இடம். சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்பிடிக்கு 16.4 சதவீதம், 120 இடம். மதுரைக்காரன் கேட்ட நியாயம் இதில் பெருமளவு இருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. 5 சதவீதம் வாங்காத கட்சிக்கு இடம் கிடையாது, மூன்று தொகுதிகளை நேரடியாக வென்றால் விலக்கு. சாரா வாகன்க்னெக்ட்டின் கட்சி 4.98 சதவீதத்தில் நின்றுபோனது. பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசம், நாடு முழுவதற்கும் சேர்த்து! எஃப்டிபி என்ற தாராளவாதக் கட்சி 4.3 சதவீதத்தில் வெளியே போனது. இப்படிக் கணக்கில் வராமல் போன ஓட்டு மொத்தம் கிட்டத்தட்ட 14 சதவீதம். 2021-இல் இடதுசாரிக் கட்சி 4.9 சதவீதம்தான் வாங்கியது, ஆனால் மூன்று தொகுதிகளை வென்றிருந்ததால் 39 பேரோடு உள்ளே போனது. அதிர்ஷ்டம் என்பது விகிதாசாரத்திலும் இருக்கிறது.

புதுத் தலைவலி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. முன்பு தொகுதியில் ஜெயித்தவர் எல்லோரும் உள்ளே போவார்கள், விகிதம் கெடாமல் இருக்க மற்றக் கட்சிகளுக்கு ஈட்டு இடங்கள் கொடுப்பார்கள், இப்படியே 736 பேர் வரை வீங்கிப்போனது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி 630 என்று கட்டிப்போட்டார்கள். விளைவு, 2025-இல் தொகுதியில் முதலிடம் பிடித்த 23 பேருக்கு நாடாளுமன்றத்தில் இடம் இல்லை, ஏனென்றால் அவர்கள் கட்சியின் பங்கு அந்த மாநிலத்தில் ஏற்கனவே நிரம்பிவிட்டது. ஜெயித்தும் தோற்றவர்கள். இதை நம்ம ஊரில் செய்தால் தொகுதியே ரோட்டுக்கு வந்துவிடும்.

நிலையான ஆட்சி பற்றிய கேள்விக்கு என் பதில்: அதைத் தேர்தல் முறையில் தேடாதீர்கள், அரசமைப்பில் தேடுங்கள். இங்கே பிரதமரை, அதாவது சான்சலரை, நாடாளுமன்றம் கவிழ்க்க வேண்டுமானால் சும்மா நம்பிக்கை இல்லை என்று சொன்னால் போதாது, அதே தீர்மானத்தில் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். 67-வது பிரிவு. அது வெற்றி பெற்றது ஒரே ஒரு முறை, 1982-இல் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோலை ஏற்றியபோது. இந்தியாவில் 1999 ஏப்ரலில் என்ன நடந்தது? அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டது, வாஜ்பாய் ஒரு ஓட்டில் தோற்றார், 269-க்கு 270. எதிர்த்த 270 பேரும் சேர்ந்து இன்னொரு பிரதமரைத் தர முடியவில்லை, நாடு மறுபடி தேர்தலுக்குப் போனது. ஜெர்மன் விதி இருந்திருந்தால் வாஜ்பாய் அரசு அன்றைக்கு விழுந்திருக்காது. இத்தனைக்கும் அது விகிதாசாரத்தில் வந்த சபை கிடையாது, நம்முடைய அதே பழைய முறையில் வந்ததுதான்.

பழைய வாக்காளன்:

எல்லாம் சரி சார், விகிதாசாரத்தில் கட்சி கொடுக்கிற வேட்பாளர் பட்டியலை யார் போடுவார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே. கட்சித் தலைமைதான். முதல் பத்துப் பெயர் தலைவர் குடும்பம், அடுத்த பத்து பணம் கொடுத்தவர்கள். இப்போது குறைந்தபட்சம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் போய்க் கேட்க ஒரு எம்எல்ஏ இருக்கிறார், அவர் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது தெருவுக்கு வருகிறார். பட்டியலில் வந்தவர் யார் வீட்டுக்கு வருவார்?

நெதர்லாந்தைப் பாருங்கள். 150 இடம், வெட்டுப்புள்ளி, அதாவது இடம் பெறக் குறைந்தபட்சம் இத்தனை சதவீத ஓட்டு வேண்டும் என்ற வரம்பு, தனியாக ஒன்றும் இல்லை, 0.67 சதவீதம் வாங்கினால் ஒருவர் உள்ளே. 2021-இல் 17 கட்சிகள் போனார்கள். அரசு அமைக்க 299 நாள். பெல்ஜியத்தில் 2010-11-இல் 541 நாள். இதை நமக்கு வேண்டும் என்கிறீர்களா?

கூட்டல்கழித்தல்:

பழைய வாக்காளன் சார், இப்போது மட்டும் வேட்பாளரை யார் முடிவு செய்கிறார்கள்? தொகுதி மக்களா? அறிவாலயத்திலும் ராயப்பேட்டையிலும் நேர்காணல் நடப்பது உங்களுக்குத் தெரியாததா? போதாததற்கு 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபிறகு கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவியே போய்விடும். தொகுதியில் ஜெயித்தவரும் சபைக்குள் போனதும் பட்டியல் உறுப்பினர் மாதிரித்தான். தண்ணீர் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு, மறுக்கவில்லை, ஆனால் அது உண்மையில் கவுன்சிலர் வேலை.

நெதர்லாந்தில் அந்த 299 நாளும் பழைய அமைச்சரவை பொறுப்பில் இருந்தது, சம்பளம் வந்தது, ரயில் ஓடியது. பெரிய முடிவுகள் எடுக்க முடியாமல் தள்ளிப்போட்டார்கள், அது நஷ்டம்தான். ஆட்சியே இல்லை என்று சொல்வது வேறு.

வடமராட்சியான்:

இந்த இழையில் இலங்கையை ஒருவரும் தொடவில்லை என்பது ஆச்சரியம். இரண்டு முறையையும் அனுபவித்த நாடு அது, தமிழில் பேசுவதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதலில் தொகுதிவாரி முறை என்ன செய்தது என்று பாருங்கோ. 1970-இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு (யுஎன்பி) 37.9 வீத வாக்கு, சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்கு 36.9. ஆசனங்கள்? யுஎன்பிக்கு 17, சுதந்திரக் கட்சிக்கு 91. சிறிமாவோ இடதுசாரிகளோடு தொகுதி பிரித்து நின்றது ஒரு காரணம், மேலே சொன்ன 1967 கணக்கு மாதிரியேதான். 1977-இல் ஊசல் மறுபக்கம் போனது. யுஎன்பி 50.9 வீதம் எடுத்து 168-இல் 140 ஆசனம். சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்தும் எட்டே எட்டு. தமிழர் விடுதலைக் கூட்டணி நாடளாவிய ரீதியில் 7 வீதத்துக்கும் குறைவு, ஆனால் வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் குவிந்திருந்ததால் 18 ஆசனம். அந்தக் கூட்டணியின் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனது அப்படித்தான். சிறிமாவோவுக்கு விழுந்த வாக்கில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத கட்சி அந்தக் கதிரையில் இருந்தது.

பிறகு யுஎன்பி தலைவர் ஜே.ஆர். ஜெயவர்த்தன 1978 அரசியலமைப்பில் விகிதாசாரத்தைக் கொண்டுவந்தார். நியாயத்துக்காக என்று மட்டும் நினைத்துவிடாதேங்கோ. ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மையோடு தான் எழுதிய அரசியலமைப்பை, இன்னொருவர் அதேபோல ஒரு பேரலையில் வந்து மாற்றிவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. அந்த முறையில் தேர்தல் வைக்கவும் அவர் அவசரப்படவில்லை. 1982 டிசம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, பழைய முறையில் வந்த அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டினார். முதல் விகிதாசாரப் பொதுத்தேர்தல் 1989-இல்தான் நடந்தது. இந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள் நாட்டில் என்னென்ன நடந்து முடிந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 1983 ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்து, தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். வாக்கெண்ணும் முறை எவ்வளவு திறமாக இருந்தாலும் உள்ளே இருக்க விடாவிட்டால் என்ன பிரயோசனம்?

இப்போதைய முறை: 225 பேரில் 196 பேர் தேர்தல் மாவட்டங்களில் இருந்து, 29 பேர் தேசியப் பட்டியலில் இருந்து. ஒவ்வொரு மாவட்டத்திலும் முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். வெட்டுப்புள்ளி முதலில் மாவட்டத்தில் 12.5 வீதமாக இருந்தது, 1988-இல் 5 ஆகக் குறைத்தார்கள். சிறிய கட்சிகள், குறிப்பாக முஸ்லிம் காங்கிரஸ், நிமிர்ந்தது அதற்குப் பிறகுதான். பட்டியலைத் தலைமைதான் போடும் என்ற ஐயாவின் கேள்விக்கு எங்களிடம் ஒரு பதில் உண்டு, விருப்பு வாக்கு. கட்சிக்குப் போட்ட பிறகு அந்தக் கட்சியில் மூன்று பேர் வரை நாங்களே தெரிவு செய்யலாம். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவரையொருவர் வெட்டுவதற்குத்தான் கூடுதலாகப் பயன்பட்டது, அடுத்த கட்சிக்காரனோடு மோதுவதைவிடப் பக்கத்தில் நிற்கிற தன் கட்சிக்காரனோடுதான் போஸ்டர் சண்டை. ஒரு மாவட்டம் முழுக்கப் பிரசாரம் செய்யப் பணமும் கணக்க வேண்டும்.

இனி விகிதாசாரம் என்றால் விகிதமாகத்தான் வரும் என்று நம்புகிறவர்களுக்கு: 2024 பொதுத்தேர்தல், யாழ்ப்பாண மாவட்டம், ஆறு ஆசனம். தேசிய மக்கள் சக்தி எடுத்தது ஏறத்தாழ 25 வீதம். கிடைத்தது மூன்று ஆசனம், அதாவது பாதி. எப்படி? தமிழ்க் கட்சிகள் பிரிந்து பிரிந்து தனித்தனியாக நின்றன, அதற்கு மேல் சுயேச்சைக் குழுக்கள் எத்தனையோ. அதில் பெரும்பாலானவை வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை, தாண்டியவையும் கூடினால் ஒவ்வொரு ஆசனத்தோடு நின்றன. முதலாவதாக வந்தவருக்குப் போனஸும் சேர்ந்தது. தேசிய மக்கள் சக்தியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எங்கட ஆட்கள் கையால் செய்து கொடுத்த வெற்றி. ஆறு ஆசனம் மட்டும் இருக்கிற மாவட்டத்தில் பதினைந்து இருபது குழுக்கள் போட்டியிட்டால் விகிதாசாரமும் தொகுதிவாரி முறை மாதிரித்தான் நடந்துகொள்ளும். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது, முறைக்கு என்ன பெயர் என்பதைவிடப் பெரிய விஷயம்.

ஜே.ஆர். போட்ட பூட்டும் திறபட்டுவிட்டது. அதே தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 61.6 வீதம் எடுத்து 159 ஆசனம், மூன்றில் இரண்டுக்கு மேல். ஜேவிபி எனப்படும் மக்கள் விடுதலை முன்னணியை 1983-இல் தடைசெய்தவரும் அவர்தான். அந்த ஜேவிபியின் தலைமையில் வந்த அணி, அவர் எழுதிய முறையிலேயே இதை எடுத்தது.

மதுரைக்காரன்:

வடமராட்சியான் அண்ணா, யாழ்ப்பாணக் கணக்கு எனக்குப் புதுசு, நன்றி. உங்கள் பதிலையும் 1967 பதிலையும் சேர்த்துப் படித்தால் ஒரு சந்தேகம் வருகிறது. முறையை மாற்றுகிறவர்கள் எல்லோரும் தங்களுக்கு வசதியாகத்தான் மாற்றுகிறார்கள் என்றால், ஜெயித்து உட்கார்ந்திருப்பவர் எதற்காகத் தன்னை ஜெயிக்க வைத்த முறையை மாற்றப்போகிறார்? எங்காவது மக்களே மாற்றிய கதை உண்டா?

தெற்குத்தீவு:

உண்டு, நான் குடியிருக்கும் நியூசிலாந்தில். 1978-இலும் 1981-இலும் லேபர் கட்சிக்கு அதிக ஓட்டு, ஆனால் நேஷனல் கட்சிக்கு அதிக இடம், அவர்களே ஆட்சி. 1981-இல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சிக்கு 20.7 சதவீத ஓட்டு, இரண்டே இடம். ஐந்தில் ஒருவர் போட்ட ஓட்டு! அடுத்து வந்த லேபர் அரசு ஒரு ராயல் கமிஷன் வைத்தது, அது 1986-இல் ஜெர்மன் மாதிரி கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. அத்தோடு இரண்டு பெரிய கட்சிகளும் அதைக் கிடப்பில் போட்டிருப்பார்கள், ஆசை அதுதான். ஆனால் எண்பதுகளில் லேபரும், தொண்ணூறில் நேஷனலும் மாறி மாறிச் சொன்னதற்கு நேரெதிராகப் பொருளாதாரத்தைப் புரட்டிப்போட்டதில் மக்களுக்கு இரண்டு பேர் மேலும் கடுப்பு. 1992-இல் ஒரு கருத்தறியும் வாக்கெடுப்பு, 1993-இல் பொதுத்தேர்தலோடு சேர்த்து, முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு, 53.9 சதவீதம் மாற்றத்துக்கு ஆதரவு. 1996 முதல் இதுதான். 2011-இல் மறுபடி கேட்டார்கள், இன்னும் அதிகம் பேர் இதுவே இருக்கட்டும் என்றார்கள்.

குறை இல்லாமல் இல்லை. வின்ஸ்டன் பீட்டர்ஸ் என்றொருவர், சின்னக் கட்சியை வைத்துக்கொண்டு 1996-இலும் 2017-இலும் யார் பிரதமர் என்று முடிவு செய்தார். 2017-இல் அதிக இடம் வாங்கியது நேஷனல், ஆட்சிக்கு வந்தது லேபரின் ஜசிண்டா ஆர்டர்ன். அப்புறம் 2008-இல் அதே பீட்டர்ஸ் கட்சி 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வாங்கி, வெட்டுப்புள்ளியைத் தாண்டாமல் வெளியே, அதைவிடக் குறைவாக வாங்கிய ஆக்ட் கட்சி எப்சம் என்ற ஒரே தொகுதியை ஜெயித்ததால் ஐந்து பேரோடு உள்ளே. எப்சமில் நேஷனல் கட்சி ஆதரவாளர்கள் கட்சி ஓட்டை நேஷனலுக்கும் தொகுதி ஓட்டை ஆக்ட்டுக்கும் போடுவது ஊரறிந்த ரகசியம். பழைய வாக்காளன் ஐயா கவனிக்க, தொகுதி எம்பி இங்கேயும் இருக்கிறார், போய்க் கேட்கலாம்.

கூட்டல்கழித்தல்:

மாற்றியவனுக்கே திருப்பி அடித்த கதைகள் இன்னும் சுவாரசியம். துருக்கியில் 10 சதவீத வெட்டுப்புள்ளியை வைத்தது ராணுவ ஆட்சி, 1983-இல். சின்னக் கட்சிகள், முக்கியமாகக் குர்துகளும் இஸ்லாமியக் கட்சிகளும் உள்ளே வரக் கூடாது என்ற எண்ணம். 2002-இல் என்ன ஆனது? இரண்டே கட்சிகள்தான் 10-ஐத் தாண்டின, நாட்டில் 45 சதவீதத்துக்கு மேற்பட்ட ஓட்டு குப்பைக்குப் போனது, 34 சதவீதம் வாங்கிய எர்டோகன் கட்சிக்கு 550-இல் 363 இடம். ராணுவம் யாரைத் தடுக்க நினைத்ததோ அவர்களுக்கே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது. பிறகு எர்டோகனும் அந்த வெட்டுப்புள்ளியை ஆசையாக வைத்துக்கொண்டார். 2015 ஜூனில் குர்துகளின் எச்டிபி 13 சதவீதம் வாங்கித் தாண்டியதும் அவருடைய பெரும்பான்மை போனது. 2022-இல்தான் 7 ஆகக் குறைத்தார்கள்.

இஸ்ரேலில் 2014-இல் வெட்டுப்புள்ளியை 2-இலிருந்து 3.25 ஆக உயர்த்தினார்கள், வலதுசாரித் தலைவர் லீபர்மன் முன்னால் நின்று. அரபுக் கட்சிகள் தனித்தனியாக நின்றால் தேறாது என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் 2015-இல் ஒரே பட்டியலாகச் சேர்ந்து 13 இடம் வாங்கி மூன்றாவது பெரிய அணி ஆகிவிட்டார்கள். சரி, அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. 2022-இல் மறுபடி பிரிந்து நின்றார்கள், அவர்களில் பலாத் கட்சி வெளியே போனது, இடதுசாரி மெரெட்ஸும் 3.16 சதவீதத்தில் வெளியே, நெதன்யாகு அணிக்கு 64 இடம். இரண்டு பக்க ஓட்டும் கிட்டத்தட்டச் சமம். பிரான்சில் ஜனாதிபதி மித்தரான் 1986-இல் தோல்வியைக் குறைக்க விகிதாசாரம் கொண்டுவந்தார், தோல்வி கொஞ்சம் குறைந்தது, கூடவே லெ பென்னின் தேசிய முன்னணி 35 பேரோடு உள்ளே வந்தது. பிரதமராகச் சிராக் வந்ததும் பழைய முறைக்குத் திருப்பிவிட்டார்.

மாற்றுவேன் என்று சொல்லிவிட்டு ஜெயித்ததும் மறந்தவர் கனடாவின் ட்ரூடோ. 2015 தேர்தல்தான் பழைய முறையில் கடைசி என்றார், 2017-இல் கைவிட்டார். 2019-இலும் 2021-இலும் கன்சர்வேட்டிவ்களுக்குத்தான் அதிக ஓட்டு, அதிக இடம் ட்ரூடோவுக்கு. பிறகு ஏன் மாற்றுவார்?

பழைய வாக்காளன்:

இவ்வளவு எழுதினீர்கள், இந்தியாவில் இது நடக்குமா என்று மட்டும் சொல்லுங்கள்.

ரைன்நதிக்கரை:

பேசாமல் விட்ட விஷயம் இல்லை. அரசியல் நிர்ணய சபையிலேயே விகிதாசாரம் வேண்டும் என்று காசி சையத் கரிமுதீன் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. எழுத்தறிவு குறைவாக இருக்கிற நாட்டுக்கு அந்த முறை சிக்கல், அதோடு சபை துண்டு துண்டாகி அரசு நிலைக்காது என்பது அவருடைய வாதம். 1999-இல் சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில் ஒரு நடுவழி சொன்னது: இருக்கிற தொகுதிகளைத் தொடாமல் கூடுதலாக 25 சதவீத இடங்களைச் சேர்த்து அதைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்று. அலமாரிக்குப் போய்விட்டது. பட்டியல் முறை வேண்டுமானால் அரசமைப்பின் 81-வது பிரிவைத் திருத்த வேண்டும், தொகுதிகளில் நேரடித் தேர்தல் என்று அதில் எழுதியிருக்கிறது.

மதுரைக்காரன்:

அப்போது தொகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, குடியரசுத் தலைவர் தேர்தல் மாதிரி முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எண் போடும் முறையைக் கொண்டுவந்தால்? 81-வது பிரிவு பிரச்சினை இல்லையே? 33 சதவீதத்தில் ஜெயிப்பதும் நின்றுவிடும்.

தெற்குத்தீவு:

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்திரேலியா 1918-இலிருந்து அதைத்தான் செய்கிறது. அங்கேயும் தொடங்கிய காரணம் வழக்கமானதே. அந்த வருடம் ஸ்வான் இடைத்தேர்தலில் லேபருக்கு எதிரான ஓட்டு இரண்டாகப் பிரிந்து, 34 சதவீதத்தில் லேபர் ஜெயித்தது, ஆளும் தரப்பு அவசரமாகச் சட்டம் போட்டது. தொகுதிக்குள் நீங்கள் சொல்வது நடக்கும்: இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்து எண்ணுவதால் ஜெயிப்பவர் பாதியைத் தாண்டியே ஆக வேண்டும். ஆனால் நாட்டுக் கணக்கு நீங்கள் எதிர்பார்ப்பதுபோல வராது. 2025 தேர்தலில் லேபருக்கு முதல் விருப்ப ஓட்டு 34.6 சதவீதம், கிடைத்தது 150-இல் 94 இடம். உங்கள் முதல் பதிவில் இருந்த பிரிட்டன் கணக்கோடு வைத்துப் பாருங்கள், அங்கே 63 சதவீத இடம், இங்கேயும் கிட்டத்தட்ட 63.